நூற்று எண்பத்தேழு வெள்ளி

போன வருடத்துக்கு நான் கட்டிய வருமான வரி எழுநூற்று நாற்பத்திரண்டு வெள்ளி. கிள்ளானில் அறுபது லோரி ஓடவிடும், டத்தோ பட்டம் பெற்ற ரெங்கசாமி கட்டியது நூற்று எண்பத்தேழு வெள்ளி. இது யாரோ சொன்ன வம்பு இல்லை. இரண்டு பேரின் வரிப் பாரங்களையும் நிரப்பிக் கணினியில் தட்டி அனுப்பியவள் நான்தான்.

என் பெயர் சந்திரகலா. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் மிஸ்டர் ஜெயந்திரனின் வரி அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். பணக்காரர்கள் எப்படி ஏழைகளாகிறார்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். டத்தோ குடியிருக்கும் பங்களா கம்பெனியுடையது. ஏறுகிற கார் கம்பெனியுடையது. அவர் மனைவி துருக்கிக்குப் போய்வந்தது வியாபாரப் பயணம். அவருக்கென்று மாதம் ஐயாயிரத்துச் சொச்சம் சம்பளம் எழுதிக்கொள்வார். அதில் சேமநிதி, காப்புறுதி, பிள்ளைகள், நன்கொடை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் நானூறு வெள்ளிக் கழிவும் அவருக்குக் கிடைத்துவிடும். எனக்குக் கிடைக்காது. என் வருமானம் அதிகமாம்.

இதைச் சொல்லி நான் வயிறு எரியும்போதெல்லாம் ஜெயந்திரன் சிரிப்பார். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா, தாத்தா எல்லாரும் ரயில்வேயில் பெரிய உத்தியோகம். "சட்டம் விட்ட வழியாலதான் போறம், பிள்ளை. உனக்கு வாய் நீளம்," என்பார். வாய் நீளம்தான். ஆனால் வேண்டிய நேரத்தில் அந்த வாய் எங்கே போனது என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணி. கணினியை மூடிவிட்டுக் கைப்பையை எடுக்கிறேன், படியில் யாரோ பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறும் சத்தம். வந்தவர் தம்புசாமி. டத்தோவின் லோரிகளை முப்பது வருடமாக ஓட்டுகிறவர். தீபாவளிக்குத் தீபாவளி டத்தோ எங்களுக்குக் கொடுத்தனுப்பும் முறுக்கு டின்னைக் கொண்டுவந்து தருவது அவர்தான். அன்றைக்கு அவர் கையில் முறுக்கு இல்லை. புதுச் சட்டை, புதுச் செருப்பு, சக்கரம் வைத்த பெட்டி. அந்தப் புதுச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"மேடம், என்னைய ஜொகூர்ல திருப்பி அனுப்பிட்டாங்க," என்றார்.

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டாரே தவிரக் குடிக்கவில்லை. அவருடைய ஒரே மகள் மலர்விழி சிங்கப்பூரில் தாதியாக வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கே கோயிலில் அவளுக்குக் கல்யாணம். அன்று காலையில் குடும்பத்தோடு பஸ் ஏறியிருக்கிறார்கள். ஜொகூர் எல்லைச் சாவடியில் மனைவியும் தங்கையும் கடந்துவிட்டார்கள். இவர் கடப்பிதழை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்ததாம்.

"ஒரு ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க மேடம். நான் ஏதோ கஞ்சா கடத்துனவன் மாதிரி. அப்புறம் சொல்றாங்க, நீங்க வருமான வரி பாக்கி வச்சிருக்கீங்க, முப்பத்தெட்டாயிரத்து நானூறு வெள்ளி, கட்டாம நாட்ட விட்டுப் போக முடியாதுன்னு. நான் லோரி ஓட்டறவன். எனக்கு எப்படிலா முப்பத்தெட்டாயிரம் வரி வரும்? பேரு மாறிப்போச்சுன்னு சொன்னேன். அடையாளக் கார்டு ஐ.சி. நம்பரப் படிச்சுக் காட்டுனாங்க. என் நம்பர்தான்."

"உங்க வீட்டு அக்கா எங்க இப்ப?"

"போகச் சொல்லிட்டேன். தாலி, புடவையெல்லாம் அவகிட்டதான் இருக்கு. அவளும் திரும்பிட்டா கல்யாணமே நின்னுரும்." கோப்பையை மேசையில் வைத்தார். "புள்ள போன்ல அழுவுது மேடம். அப்பா வராம மணையில உக்காரமாட்டேன்னு சொல்லுது. நீங்க வரி ஆபீஸ். நீங்கதான் என்னன்னு பார்த்துச் சொல்லணும்."

நான் பார்க்க வேண்டியதே இல்லை. எனக்குத் தெரியும். எழுந்து அலமாரியைத் திறந்து, மூன்றாவது தட்டில் டத்தோவின் கோப்புகளுக்கு நடுவில் இருந்த மெலிந்த நீலக் கோப்பு ஒன்றை எடுத்தேன். மேலே என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: தம்புசாமி எண்டர்பிரைஸ்.

அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இது என்னா மேடம்?"

முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். வியாபாரப் பதிவுப் பாரம். அதன் அடியில் தமிழில் கோணலாக ஒரு கையெழுத்து. பக்கத்தில் மஞ்சளாக ஒரு விரல் அடையாளம், சந்தனம் காய்ந்து உதிர்ந்த கறை.

அவர் அடையாளம் கண்டுகொண்டார். மெதுவாகச் சொன்னார்: "ஆயுத பூசை."

ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்தது அது. டத்தோவின் லோரிப் பட்டறையில் ஆயுத பூசை என்றால் திருவிழாதான். அறுபது லோரிக்கும் வாழைக் கன்று கட்டி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நிறுத்துவார்கள். அந்தப் பட்டறையில் தம்புசாமிக்கு ஒரு பெயர் உண்டு. கைராசிக்காரர். புது லோரி வந்தால் சாவியை முதலில் அவர் கையில்தான் கொடுப்பார்கள். அவர் எடுத்துக் கிளப்பிய வண்டி இதுவரை எங்கேயும் மோதியதில்லை என்பார்கள். அந்த வருடம் பூசையில் டத்தோ சில காகிதங்களையும் சாமி முன்னால் வைத்துச் சந்தனம் பொட்டு வைத்திருக்கிறார். "புதுக் கம்பெனி ஆரம்பிக்கிறேன் தம்புசாமி. ஒன் கைராசிக்கு நீ மொதல்ல போடு," என்று பேனாவை நீட்டியிருக்கிறார். எல்லாரும் கைதட்டியிருக்கிறார்கள். முதலாளியின் புதுத் தொழிலுக்குத் தன் கையால் வாழ்த்துச் சொல்வதாக நினைத்து இவரும் போட்டுவிட்டார். ஐ.சி. நகலையும் அன்றே வாங்கிக்கொண்டார்கள். அன்பளிப்பாக அங்பாவ் உறையில் நூறு வெள்ளி.

அது டத்தோவின் கம்பெனி இல்லை. காகிதப்படி தம்புசாமியின் கம்பெனி. அதைப்போல இன்னும் நான்கு டிரைவர்களின் பேரில் நான்கு. டத்தோவின் பெரிய கம்பெனி இந்த ஐந்து கம்பெனிகளுக்கும் 'லோரி வாடகை' கொடுப்பதாக எழுதித் தன் லாபத்தைக் குறைத்துக் காட்டும். வாடகைப் பணம் வந்த வழியே சுற்றி டத்தோவிடமே போய்விடும். மிச்சமாகும் வரி சில லட்சம். ஒரு வருடம் வரி இலாகா கிளறிப் பார்த்து, தம்புசாமி எண்டர்பிரைஸின் செலவுக் கணக்கில் பாதியை ஒப்புக்கொள்ளாமல், அபராதத்தோடு முப்பத்தெட்டாயிரத்து நானூறு என்று கடிதம் போட்டது. கடிதத்தின் முகவரி டத்தோவின் பட்டறை. நகல் எங்கள் அலுவலகத்துக்கு.

அந்த நகலைப் பிரித்தவள் நான். இரண்டு வருடம் ஆகிறது. ஜெயந்திரன், "டத்தோவுக்கு அனுப்பிவிடு, அவர் பார்த்துக்கொள்ளுவார்," என்றார். அனுப்பினேன். ஒரு பிரதி மட்டும் அலமாரியில் தங்கியது. அடுத்த மாதமே தீபாவளி. இதே தம்புசாமி முறுக்கு டின்னோடு வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்தார். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மகளுக்கு வரன் பார்ப்பதாக அவர் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். டீ முடிந்தது. போய்விட்டார். நான் சொல்லவில்லை. வாய் நீளம் என்று பேர் வாங்கியவள், ஒரு மாதச் சம்பளத்துக்கும் ஒரு டின் முறுக்குக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கம்பெனி விஷயத்தை எல்லாம் அவரிடம் சொன்னேன். கடிதத்தை நான் பிரித்துப் படித்ததை மட்டும் சொல்லவில்லை. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்த மஞ்சள் கறையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அப்ப நான் பணக்காரனா மேடம்?"

"காகிதத்துல ஆமா, அண்ணே."

"போன வருசம் சமையல்கட்டுக் கூரை ஒழுகுனுச்சு. ஆயிரத்து எரநூறு வெள்ளிக்கு வழியில்லாம பிளாஸ்டிக் கட்டி வச்சிருக்கேன்," என்றார்.

உள்ளறையிலிருந்து ஜெயந்திரன் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் போய் நின்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ ஏன் பிள்ளை இதுக்குள்ள போறாய்? நாங்கள் கடுதாசிய அனுப்பிட்டம். அதோட எங்கட வேலை முடிஞ்சுது."

"முடியல சார். வெளியில பெட்டியோட உக்காந்திருக்கு."

அவர் டத்தோவிடம் தொலைபேசியில் பேசினார். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கிள்ளானுக்கு வரச் சொன்னார்களாம்.

வெள்ளிக்கிழமை. நான் விடுப்புச் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. என் பழைய மைவி காரில் தம்புசாமியை ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். பெடரல் ஹைவே வழக்கம்போல அடைத்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் அவர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். முப்பது வருடம் லோரி ஓட்டியவருக்கு இன்னொருவர் ஓட்டும் வண்டியில் உட்காரவே முடியவில்லை. நான் பிரேக் போடும்போதெல்லாம் அவர் காலும் மிதிக்கிறது. வரி இலாகா ஷா ஆலத்தில். வெள்ளிக்கிழமை என்பதால் பன்னிரண்டேகாலுக்குத் தொழுகைக்கு மூடினால் இரண்டே முக்காலுக்குத்தான் திறப்பார்கள். நாலரைக்கு எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் பணம் கட்டித் தடையை நீக்கினால்தான் சனிக்கிழமை பஸ். இல்லையென்றால் திங்கட்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குத் திங்கட்கிழமை போய் என்ன செய்வது?

டத்தோ ரெங்கசாமி கெட்ட மனிதர் மாதிரி இருக்கமாட்டார். அதுதான் அவரிடம் எனக்கு எரிச்சலே. வாசலுக்கே வந்து தம்புசாமியின் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப்போனார். கோப்பி வரவழைத்தார். "என்னடா தம்புசாமி, ஒரு வார்த்த மொதல்லயே சொல்லக்கூடாதா, கல்யாணம் சிங்கப்பூர்லன்னு?"

"பத்திரிக வச்சேனே டத்தோ," என்றார் தம்புசாமி. "அதுல போட்டிருக்கே."

டத்தோ என் பக்கம் திரும்பினார். "கலா, அந்த வரிய நான் கட்டமுடியாது. என் அக்கவுண்ட்லேருந்து பணம் போச்சுன்னா அந்தக் கம்பெனி என்னோடதுன்னு ஆயிரும். அப்புறம் அஞ்சு கம்பெனியையும் தோண்டுவாங்க."

"உங்களுதுதானே டத்தோ?"

"பேப்பர்ல இல்லையே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்க போன வருசம் கட்டுனது நூத்து எம்பத்தேழு வெள்ளி. நான் எழுநூத்து நாப்பத்திரண்டு. இது எந்த ஊரு நியாயம்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோப்பியைக் கலக்கினார். "கலா, நம்ம தமிழ்ப் பள்ளிக்குக் கூர போட்டது யாரு? நான். தைப்பூசத்துக்குப் பத்துமலையில மூணு நாளு தண்ணிப் பந்தல் போடறது யாரு? நான். முன்னூறு பேரு வீட்டுல அடுப்பு எரியுது என்னால. கவர்மெண்டுக்குக் குடுத்தா அது நம்ம சனத்துக்குத் திரும்பி வருமா, நெஞ்சில கைய வச்சுச் சொல்லு. நான் நேரா நம்ம ஆளுங்களுக்கே குடுத்துடறேன். அதுவும் வரிதான்."

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபமில்லை. பள்ளிக்கூரை உண்மை. என் தம்பி பிள்ளைகள் அந்தக் கூரைக்கு அடியில்தான் படிக்கிறார்கள். ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சைத் திறந்து நான்கு இடத்தில் அடைப்பு எடுத்தது அரசாங்க மருத்துவமனையில். வெளியில் பார்த்தால் எண்பதாயிரம் ஆகியிருக்கும். நாங்கள் கட்டியது அதில் ஒரு துளி. மீதியை யாரோ கட்டியிருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களும் எனக்குத் தந்ததாகச் சொல்லி மாலை கேட்கவில்லை.

"நீங்க குடுக்கறப்ப உங்க பேரு பலகையில வரும் டத்தோ," என்றேன். "என் புருசனக் காப்பாத்துனவங்க பேரு எந்தப் பலகையிலயும் இல்ல. அதுல நீங்க போட்டது நூத்து எம்பத்தேழு வெள்ளி."

இதற்குள் தம்புசாமி குறுக்கிட்டார். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. "டத்தோ, மணி பத்தாச்சு."

டத்தோ மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மஞ்சள் உறையை எடுத்தார். மூலையில் குங்குமப் பொட்டு. முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்கிறார். "இது கல்யாண மொய். இருபதாயிரத்து ஒண்ணு. பாதியக் கட்டுனா இன்னைக்கே தடைய எடுத்துருவாங்கன்னு ஜெயந்திரன் சொன்னாரு. மீதிய மாசா மாசம் கட்டலாம். நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது. என் கையில வாங்கினது மொய். அவ்வளவுதான்."

தம்புசாமி எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நன்றி என்றுகூடச் சொன்னார். எனக்கு அந்த உறையைப் பிடுங்கிக் கோப்பியில் முக்கலாம் போல இருந்தது.

மறுபடியும் நெரிசலில் சிக்கி ஷா ஆலம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால். எண் சீட்டு எடுத்தோம். எங்களுக்கு முன்னால் பதினொரு பேர். எட்டுப் பேர் முடிந்ததும் பன்னிரண்டேகால் ஆகிவிட்டது, சேவை முகப்பை மூடினார்கள். இரண்டரை மணி நேரம் கீழே கடையில் உட்கார்ந்திருந்தோம். அவர் சாப்பிடவில்லை. எழுந்து நடப்பார், வந்து உட்கார்வார், உறையைச் சட்டைக்குள் தொட்டுப் பார்ப்பார். மகள் இரண்டு தடவை வீடியோவில் அழைத்தாள். இரண்டு தடவையும் சிரித்துக்கொண்டே பேசிவிட்டு, வைத்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஐ.சி. நகல் வேண்டும் என்று ஞாபகம் வந்து பக்கத்துக் கடையில் எடுத்தோம். என்னிடம் சில்லறை இல்லை. மொய்யில் ஒற்றையாக இருந்த அந்த ஒரு வெள்ளியை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று மணிக்கு எங்கள் எண் வந்தது. முகப்பில் இருந்தவர் புவான் ரோஸ்னா என்ற நடுவயதுப் பெண். கணினியைப் பார்த்தார், தம்புசாமியைப் பார்த்தார், அவருடைய காய்த்துப்போன கையைப் பார்த்தார். பாதித் தொகை கட்டலாம், மீதிக்கு மாதத் தவணை, இன்றே குடிநுழைவுத் துறைக்குத் தகவல் போய்விடும் என்று மலாயில் சொன்னார். பிறகு ஒரு பாரத்தைத் தள்ளினார். இந்த வியாபாரம் என்னுடையது, இந்தப் பாக்கி என்னுடையது என்று ஒப்புக்கொள்ளும் பாரம்.

"மூன்று ஆண்டில் இருபது லட்சம் வெள்ளி வரவு," என்றார் மெதுவாக. "என்சிக், நீங்கள் லோரி வைத்திருக்கிறீர்களா? எத்தனை லோரி?"

தம்புசாமி என்னைப் பார்த்தார். நான் முந்திரிக்கொட்டை மாதிரி வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான். சொன்னால் விசாரணை. விசாரணை என்றால் இன்றைக்குத் தடை நீங்காது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு ஒரு பெண் மணையில் உட்காராமல் அழுவாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது தடவை.

"இது என்சிக்குடைய கம்பெனிதானா?" என்று மறுபடி கேட்டார் அந்த அம்மா.

"சாயா புன்யா," என்றார் தம்புசாமி. என்னுடையதுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் கைதட்டலுக்கு நடுவில் போட்ட அதே கோணல் கையெழுத்தை, இந்தத் தடவை என்ன என்று தெரிந்தே போட்டார்.

ரசீதைக் கொடுக்கும்போது புவான் ரோஸ்னா தன்னுடைய பெயர் அட்டையையும் சேர்த்து நீட்டினார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் பிறகு எழுதிக் கொடுக்கலாம், யார் யாருக்கு என்ன தெரியும் என்பதையும் எழுதலாம் என்று. அந்த அம்மா என்னைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார்.

தம்புசாமி சனிக்கிழமை காலை பஸ்ஸில் போனார். மத்தியானம் ஒரு செய்தி வந்தது: 'தாண்டிட்டேன் மேடம்.' அதற்குப் பிறகுதான் நான் சாப்பிட உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் வந்தது. மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்து, மேலே தண்ணீர் வார்க்கிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். அவர் மட்டும் கேமராவைப் பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை டத்தோவின் அலுவலகத்திலிருந்து வழக்கம்போல வாரச் செலவுச் சீட்டுகள் வந்தன. டீசல், டயர், சாலைக் கட்டணம். கடைசிச் சீட்டு இருபதாயிரத்து ஒரு வெள்ளி. என்னவென்று பார்த்தேன். 'தொழிலாளர் நலன், திருமண உதவி' என்று எழுதி, வரியில் கழிக்கவேண்டிய செலவு என்று பக்கத்தில் டிக் அடித்திருந்தது. ஆடிப்போய்விட்டேன். தான் ஏய்த்த வரியைத் தொழிலாளி பேரில் கட்டவைத்து, அதற்குக் கொடுத்த பணத்துக்கும் இந்த மனிதர் வரிக் கழிவு கேட்கிறார்.

சீட்டை எடுத்துக்கொண்டு ஜெயந்திரனிடம் போனேன். படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "இதை நான் போடமாட்டன்," என்றார். பிறகு, "ஆனா வேற ஒண்டும் செய்யாத பிள்ளை. லைசென்ஸ் என்ட பேரில இருக்கு," என்றார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. அவர் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அதே பயம்தான் இரண்டு வருடமாக.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தம்புசாமி வந்தார். இந்தத் தடவை கையில் இனிப்புப் பெட்டி. ஒன்றை எடுத்து ஜெயந்திரனுக்குக் கொடுத்தார், ஒன்றை எனக்கு. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிருச்சி மேடம். இப்ப எழுதுங்க."

"என்ன எழுத?"

"எனக்கு லோரி இல்லன்னு. எப்பவுமே இருந்ததில்லன்னு. யாரு கம்பெனின்னு எழுதுங்க. அந்தம்மா சொன்னாங்கள்ல."

"வேலை போயிரும் அண்ணே. வெள்ளிக்கிழமை வேற எழுதி, இப்ப வேற எழுதுனா உங்களையே பிடிச்சாலும் பிடிப்பாங்க."

"பிடிக்கட்டும். லோரி ஓட்டற லைசென்ஸ் என்கிட்டதானே இருக்கு, அதையா டத்தோ புடுங்கிக்குவாரு? மிச்சம் பதினெட்டாயிரத்து நானூற நான் எதுக்கு மேடம் கட்டணும்? என்னைய மாதிரி கையெழுத்துப் போட்ட டிரைவர் பசங்க இன்னும் நாலு பேரு இருக்கானுங்க. அதுல ஐயாவுப் பயலுக்கு அடுத்த மாசம் காசிக்குப் போகணும்னு ஆச, அவன் அம்மா அஸ்தியோட. அவனும் சாமி முன்னால சந்தனத்தத் தொட்டுதான் போட்டான்." உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "எம்புள்ள கையப் புடிச்சுக் குடுக்கறப்ப என்ன நினைச்சேன் தெரியுமா மேடம்? இந்தக் கையாலதானே பொய் சொல்லிட்டு வந்தேன்னு."

உள்ளறைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. ஜெயந்திரன் வெளியே வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மலாயில் தட்டினேன். நேராக, சுருக்கமாக. ஆயுத பூசை, பேனா, நூறு வெள்ளி, ஐந்து பேர், பணம் போகும் வழி. கை தானாக ஓடியது. இருபத்தாறு வருடமாக மறைக்கத் தெரிந்த கைக்குக் காட்டவும் தெரிந்திருந்தது. ஒரு பக்கம் முடிந்ததும் அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இலாகா கடுதாசி போட்டதா படிச்சீங்கள்ல. அது எங்க போச்சு? யாரு பார்த்தா?"

அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. அந்தத் தீபாவளி டீயை நினைத்தேன்.

"நான் பார்த்தேன் அண்ணே," என்றேன். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே. நீங்க இங்க உக்காந்து டீ குடிச்சப்ப அது அந்த அலமாரியில இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லல."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பார்வையைத் திருப்பிக்கொண்டு, "அதையும் எழுதுங்க," என்றார்.

எழுதினேன். என் முழுப் பெயர், ஐ.சி. எண், எந்தத் தேதியில் அந்தக் கடிதத்தைப் பிரித்தேன், எந்தப் பாரங்களை நான் தட்டி அனுப்பினேன். அச்செடுத்துக் கொண்டுவந்தேன். அடியில் இரண்டு கோடு. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. பேனாவைத் திறந்து அவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க மொதல்ல போடுங்க மேடம்," என்றார். "என் கைராசியத்தான் பார்த்தாச்சே."

நான் போட்டேன்.